வழித்தடத்தில் இல்லாத ஊர்

எங்கள் வீட்டில் காபிக்கு ஸ்ரீரங்கம் என்று பெயர். தண்ணீருக்குத் திருவானைக்காவல். ஊறுகாய்க்கு மாம்பழச்சாலை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டி வந்தது. நான் சொல்வதை அவர் நம்புகிறாரா இல்லையா என்பதில்தான் அன்று என் கணவரின் பேச்சும் வலது கையும் இருந்தன. அதனால் இதை முதலிலிருந்து வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என் கணவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் கிளம்பி ஜங்ஷன் போய்த் திரும்பும் வண்டியில்தான் அவருடைய பெரும்பாலான வருடங்கள் கழிந்தன. நான் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். வருகிற தபாலுக்கு வரிசை எண் கொடுத்து, வந்த நேரத்தை எழுதி, முத்திரை வைத்து, உரிய மேஜைக்கு அனுப்புவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் வந்த நேரம், மின்சாரம் போன நேரம், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போன் செய்த நேரம் எல்லாம் என் டைரியில் இருக்கும். "உங்கம்மா தும்முனாக்கூட நேரம் போட்டு வைப்பா" என்று மகளிடம் அவர் சொல்வார். தும்மலை நான் எழுதியதில்லை.

ஓய்வு பெற்ற முதல் மாதம் அவர் வீட்டில் ஏறக்குறையப் பேசவே இல்லை. நாள் முழுக்கக் குரல் கொடுத்துப் பிழைத்த மனிதர், அம்மாமண்டபம் ரோட்டில் இருக்கும் எங்கள் மாடி வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, பயமாக இருந்தது என்பதுதான் சரி. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையைச் சில நாள் மறந்துவிடுவார். பேசாமல் இருக்கிற மனிதருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்.

"எறங்கறவங்க இருந்தா சீக்கிரம் எறங்குங்க. வண்டி கெளம்பப் போவுது."

"ஸ்டாப்பிங் இன்னும் வரல, கண்டக்டர்" என்றேன் உள்ளேயிருந்து.

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நான் ஈரத் தலையோடு வந்து காபி கொடுத்தபோது டம்ளரைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்.

"வண்டி எங்கேருந்து கெளம்பும்?"

"ஸ்ரீரங்கத்துலேருந்து."

"காலைல நீ எதுலேருந்து கெளம்புற?"

"காபிலேருந்து."

"அப்ப இது ஸ்ரீரங்கம். ரைட்!"

விளையாட்டு அவ்வளவுதான். காரணமும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. அன்று டிபன் முடிவதற்குள் அவருடைய வழித்தடத்தில் இருந்த பத்து நிறுத்தங்களுக்கும் பத்துப் பொருள்களை ஒதுக்கிவிட்டோம். தண்ணீருக்குத் திருவானைக்காவல் என்றதும் அவரே கையெடுத்துக் கும்பிட்டார். அங்கே லிங்கமே தண்ணீரில்தான் இருக்கிறது. மாம்பழச்சாலை ஊறுகாய். சிந்தாமணி மூக்குக்கண்ணாடி. சத்திரம் சாப்பாட்டுத் தட்டு. மெயின்கார்டு கேட் வீட்டுச் சாவி. மார்க்கெட் காய்கறிப் பை. பாலக்கரையில்தான் சண்டை வந்தது.

"பால்" என்றேன்.

"அது எல்.கே.ஜி. பிள்ள சொல்லும். வேற சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

"பாலக்கரை வந்தா டிரைவர் வாட்ச்சப் பாப்பாரு. எப்பவும் அங்கதான் லேட்டாவும். அதனால பாலக்கரை கடிகாரம்."

மேலப்புதூர், பெயரிலேயே புதுசு இருப்பதால், செல்போன். ஜங்ஷன் படுக்கை, அதற்கு மேல் வண்டி போகாது.

விதிகளை நான்தான் எழுதினேன். காலை எழுந்ததிலிருந்து நான் ஆபீசுக்குக் கிளம்பும் வரை விளையாட்டு. பத்துப் பொருளில் எதையாவது அதன் சொந்தப் பெயரில் சொன்னாலோ, நிறுத்தத்தை மாற்றிச் சொன்னாலோ, எதிராளிக்கு ஒரு புள்ளி. வாரக் கடைசியில் புள்ளி குறைந்தவர் ஒரு வாரத்துக்குக் காபி பில்டரைக் கழுவ வேண்டும். நடுவில் உண்மையாகவே ஏதாவது பேச வேண்டியிருந்தால், முதலில் "ஹோல்டான்" என்று சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் கொடுக்கும் குரல் அது. ஹோல்டான் சொல்லாத வரை எல்லாம் விளையாட்டு.

கடைசி விதியை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.

அதற்கென்று ஒரு நீள நோட்டுப் போட்டேன். அவருடைய ரத்த அழுத்தக் கணக்குக்கு ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, ஒரே பழுப்புத் தாளில் அட்டை போட்டு, ஒரே மாதிரி லேபிள் ஒட்டியிருந்தேன். ஒன்றில் "அழுத்தம்", இன்னொன்றில் "வழித்தடம்". அலமாரியின் மேல் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எனக்கு ஒழுங்கு பிடிக்கும்.

ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று. அவர் பேச ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் போனில் மகள் பதறினாள்: "அப்பா ஜங்ஷன்ல இருக்கேங்கறார், பின்னாடி நம்ம குக்கர் சத்தம் கேக்குதே!" படுக்கையில் இருக்கிறார் என்று விளக்கினேன். "ரெண்டு பேருக்கும் வயசு திரும்புதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அது ஒரு புதன்கிழமை. அன்றைய பக்கத்தில் இரண்டே பதிவுகள் இருக்கின்றன.

முதல் பதிவு 6.52. நான் மறதியாக "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மேஜையில் தட்டிச் சிரித்தார்.

"அவுட்டு! திருவானைக்காவல்ல எறங்காம நேரா பாலத்துக்குப் போயிட்டியேம்மா. இந்த வாரமும் பில்டர் ஒனக்குத்தான்."

அவருக்கு ஒரு புள்ளி என்று எழுதினேன். இரண்டாவது காபி போடச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்து டம்ளரை அவர் முன்னால் வைத்தபோது, அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மருங்காபுரி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருங்காபுரி எங்கே, ஸ்ரீரங்கம் எங்கே? இந்த மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற ஊர் அது. டவுன் பஸ்ஸில் கண்ணில்கூடப் படாது.

"மருங்காபுரியா? அது எந்த ரூட்ல வருது? எனக்கு ஒண்ணு!"

எழுதினேன். 7.10. அவர் "மருங்காபுரி". வழித்தடத்தில் இல்லை. எனக்கு ஒரு புள்ளி.

அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. நடிக்கிறார் என்று நினைத்தேன், நன்றாக நடிப்பார். உதட்டைக் குவித்து "ஓ… ஓ…" என்றார்.

"என்ன, காவிரிக்கு அந்தாண்ட யாரையாவது கூப்புடறீங்களா? தோத்தவங்க இப்படித்தான் சத்தம் போடுவாங்க. நான் குளிச்சிட்டு வரேன்."

போய்விட்டேன்.

குளித்தேன். நான்கு துணி கிடந்தது, அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன். விளக்கேற்றினேன். நடுவில் அவர் குரல் கேட்டது: "பாலக்கரை." மணி கேட்கிறார். "ஏழரை ஆகப் போகுது" என்று அங்கிருந்தே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "பாலக்கரை". "ஏழே முக்கால். ஆபீசுக்குப் போறது நானா நீங்களா?" என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வாயில் ஹேர்பின் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

கூடத்துக்கு வந்தபோது 8.04. டம்ளர் அவர் வலது கையில் சாய்ந்திருந்தது. காபி செய்தித்தாள் மேல் வழிந்து, விளிம்பிலிருந்து அவர் லுங்கியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ மேஜை மேல் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

"என்னங்க" என்றேன்.

நிமிர்ந்தார். வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது.

அப்போது நான் செய்தது எனக்கே புரியவில்லை. "ஹோல்டான்" என்றேன். "போதுங்க விளையாட்டு. ஹோல்டான். ஹோல்டான் சொல்றேன்ல!" மூன்று முறை சொன்னேன். நான் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருப்பேன் போல.

"பாலக்கரை" என்றார் அவர். கண்ணில் தண்ணீர் நின்றது.

கீழ்வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி குடியிருக்கிறார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என் குரல் கேட்டு ஓடி வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"அக்கா, பேச நேரமில்ல. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாம பாலத்தத் தாண்டிருவோம். மாமாவ நான் தூக்கிக்கிறேன். நீங்க மருந்து நோட்ட எடுங்க."

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக் கைப்பையில் திணித்தேன். நாற்காலியோடு அவரைக் கீழே இறக்கினோம்.

காலை நேரத்து நெரிசல். மாம்பழச்சாலையில் சிக்னல் விழுந்தது. நான் அவருடைய வலது கையை என் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஒரு கைக்கு இவ்வளவு கனம் உண்டு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது. நான் ஒன்று, இரண்டு என்று விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணுவதை நிறுத்தினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஓர் எண்ணம். முப்பதுக்கு மேல் குழம்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

சத்திரத்தில் ஆட்டோ நேரே மெயின்கார்டு கேட் பக்கம் போகாமல், தில்லை நகருக்குப் போகும் சாலை ரோட்டில் திரும்பியது. அவருக்குப் பொறுக்கவில்லை. இடது கையால் வெளியே காட்டி, உடம்பை முன்னால் தள்ளி, கோபமாக "பாலக்கரை! பாலக்கரை!" என்றார்.

"இன்னிக்கு ரூட்டு மாறுது மாமா, கோச்சுக்காதீங்க" என்றார் தம்பி, திரும்பாமல். அவர் குரல் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது 8.41.

முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். என் கணவரைச் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். இடது கை மட்டும் எழுந்தது. பேனாவைக் காட்டி "இது என்னங்கய்யா?" என்று கேட்டார். பதில் இல்லை. தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"பாலக்கரை" என்றார் என் கணவர்.

டாக்டர் தாளில் ஏதோ குறித்தார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"சரியாத்தாங்க சொல்றாரு!"

"என்னம்மா சரி?"

"எங்க வீட்டுல கடிகாரத்துக்கு… அது ஒரு விளையாட்டுங்க. கடிகாரம்னா பாலக்கரை. அவருக்குத் தெரியுதுங்க!"

டாக்டர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு என் மூக்குக்கண்ணாடியை வாங்கி அவரிடம் காட்டினார். சிந்தாமணி, சிந்தாமணி என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பாலக்கரை" என்றார்.

சாவிக்கும் பாலக்கரை. தண்ணீருக்கும் பாலக்கரை. ஒரே ஒரு சொல் அவருக்குள் சிக்கிக்கொண்டு, திறக்கிற வாய்க்கெல்லாம் அதுவே வந்தது. வீட்டில் அவர் மணி கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் மணி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து நிதானமாகப் பேசினார். மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்பு. அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். சமீபத்தில் இதே மாதிரி ஏற்கெனவே வந்திருந்தால் ஊசி ஆபத்து. உள்ளே ரத்தம் கசியலாம்.

"இதுக்கு முன்னாடி இப்படி வார்த்தை மாத்திப் பேசியிருக்காரா?"

"பேசுவாருங்க."

"எப்பப் பேசுனாரு?"

"தினமும்."

அவருடைய பேனா நின்றது. "தினமுமா? எவ்வளவு நாளா?"

"அஞ்சு மாசமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஊசி கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. "இல்லைங்க, இல்லைங்க, அது விளையாட்டு, நாங்களே ஏற்பாடு பண்ணிக்கிட்டது" என்று உளறினேன். உளற உளற அவர் முகத்தில் இரக்கம்தான் கூடியது. பல பேர் வீட்டு வியாதியை விளையாட்டு என்று சொல்லி மறைத்திருப்பார்கள் அவரிடம்.

"பழைய மருந்துச் சீட்டு, பி.பி. நோட்டு ஏதாவது இருக்காம்மா?"

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் அட்டை கண்ணில் பட்டது. "வழித்தடம்" என்று என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. அவசரத்தில் தப்பு நோட்டை எடுத்து வந்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக ஒரு தபாலைக்கூட நான் தப்பு மேஜைக்கு அனுப்பியதில்லை.

திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அவர் அதற்குள் பிரித்துவிட்டார். முதல் பக்கத்தில் விதிகள். பொருள்களின் பட்டியல். பிறகு பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், யார், என்ன சொன்னார், யாருக்குப் புள்ளி. டாக்டர் புரட்டினார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"'7.10. மருங்காபுரி. வழித்தடத்தில் இல்லை.' இது என்னம்மா?"

"காபியப் பாத்துட்டு அப்படிச் சொன்னாருங்க. ஸ்ரீரங்கம்னு சொல்லணும். வேற ஸ்டாப்பிங் பேரு சொல்லுவாரு, தப்பா வரும். ஆனா ரூட்லயே இல்லாத ஊர் பேரு சொன்னதில்ல. இன்னிக்குத்தான்."

"ஒரு நாள்கூடச் சொன்னதில்ல?"

"நோட்டுல பாருங்க. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

அவர் மறுபடி புரட்டினார். இந்த முறை வேகமாக, விரலை ஓட்டிக்கொண்டு. எங்கேயாவது ஒரு தஞ்சாவூரோ கரூரோ இருந்து, நான் மறந்திருந்தால்?

"ஆறு அம்பத்திரண்டுக்கு நல்லாப் பேசுனாரா? என்ன சொன்னாரு, அப்படியே சொல்லுங்க."

"'அவுட்டு. திருவானைக்காவல்ல எறங்காம நேரா பாலத்துக்குப் போயிட்டியேம்மா. இந்த வாரமும் பில்டர் ஒனக்குத்தான்.'" டாக்டரிடம் அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்க வீட்டுக் கடிகாரம் சரியா இருக்குமா?"

"நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டுங்க."

தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப ஆறு நாப்பத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நோட்டையும் எடுத்துக்கொண்டு, பெரிய டாக்டரிடம் பேச உள்ளே ஓடினார்.

ஊசி போட்டபோது 9.37.

அதன் பிறகு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது கையில் இருந்ததே எனக்கு ஒரு தண்டனையாகிவிட்டது. பக்கங்களைப் பின்னோக்கிப் படித்தேன். போன வியாழக்கிழமை அவர் கண்ணாடியைச் சத்திரம் என்று சொல்லியிருக்கிறார். அது விளையாட்டில் வந்த தப்பா, இதன் தொடக்கமா? அதற்கு முந்தைய வாரம் ஒரே காலையில் மூன்று தப்பு. நான் பக்கத்தில் "இன்று அவருக்கு மூளை லீவு" என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு மூட்டிய ஒவ்வொரு வரியும் இப்போது எழுந்து நின்று என்னைக் கேட்டது. டாக்டரிடம் நான் நிச்சயமாகச் சொல்லிவிட்டேன். அந்த நிச்சயம் தப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் கசியும். ஊசியை வேண்டிக் கேட்டு வாங்கியவள் நான்தான்.

கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். மதியம் வரை பதினோரு முறை.

கசியவில்லை. சாயங்காலம் வலது கை விரல்களை அசைத்தார். இரண்டாம் நாள் கையைப் பாதி தூக்கினார். பேச்சுதான் வரவில்லை. பாலக்கரையும் போய்விட்டது. வாய் திறந்தால் வெறும் காற்று. மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா, அப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்து அழுதார். எந்தப் பெயரும் இல்லாமல் எல்லாரையும் அடையாளம் தெரிந்த ஒரு மனிதரின் முகம் அது. அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அடிக்கடி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

நான்காம் நாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தார். வரிசையாகச் சொல்லிப் பழகிய எதையாவது தொடங்கிக் கொடுத்தால் சில பேருக்குத் தானாக வரும் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. வரவில்லை. ஞாயிறு, திங்கள். திங்களோடு நின்றது. அந்தப் பெண் போன பிறகு மகள் கீழே சாப்பிடப் போயிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் நின்று, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போலக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"கண்டக்டர், வண்டி எங்கெல்லாம் போவும்? ஸ்ரீரங்கம்…"

அவர் உதடு அசைந்தது. "…திருவானக்கா, மாம்பழச்சால, சிந்தாமணி, சத்திரம், மெயின்கார்டுகேட்டு, மார்க்கெட்டு, பாலக்கர, மேலப்புதூர், ஜங்ஷன்!"

ஒரே மூச்சில். பழைய குரலில். கடைசியில் வழக்கமான அந்த இழுப்போடு.

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணைக்கு வந்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, ஜங்ஷனுக்கு ரெண்டு குடுங்க" என்றார். வார்டே சிரித்தது. நான் கம்பியை விடாமல் பிடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு தேவையும் ஸ்ரீரங்கத்திலிருந்துதான் கிளம்பியது. தண்ணீர் சீக்கிரம் வந்துவிடும், இரண்டாவது நிறுத்தம். கண்ணாடி வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மாம்பழச்சாலை என்று பயணம் செய்து சிந்தாமணியில் நின்று கையைக் காட்டுவார். செல்போன் கேட்க ஒன்பது நிறுத்தம். நடுவில் யாராவது பேசிவிட்டால் அறுந்துபோகும். மறுபடி ஸ்ரீரங்கத்துக்கு வர வேண்டும். பட்டியலில் இல்லாத எதற்கும் வழியே இல்லை. வலிக்கு ஒரு நிறுத்தம் கிடையாது. பயத்துக்கும் கிடையாது. நாங்கள் அந்தக் காலையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பார்த்ததில் கண்ணில் பட்டவை மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தன.

வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மெல்ல மெல்லச் சொந்தச் சொற்கள் வந்துவிட்டன. இப்போது மெதுவாகப் பேசுகிறார். நீளமான வாக்கியத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்பார். வலது கையில் டம்ளர் பிடிக்கிறார். இன்னொரு முறை வராது என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அதை நானே கொடுக்கிறேன், விழுங்கும் வரை நிற்கிறேன்.

விளையாட்டை நான் மறுபடி தொடங்கவில்லை. நோட்டை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றிவிட்டேன். பயிற்சி கொடுக்கிற பெண், விளையாடுங்கள், நல்லது என்றுதான் சொன்னார். என்னால் முடியவில்லை. அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறும் ஒவ்வொரு முறையும் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது. அந்தக் கடிகாரம் இப்போது ஃபாஸ்ட்டாக ஓடுவதில்லை. தினமும் சரி பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு காலை. காபியை வைத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மருங்காபுரி" என்றார்.

7.02.

அவர் எதிரில் போய் நின்றேன். "கையத் தூக்குங்க. ரெண்டு கையையும்" என்றேன். என் குரல் எங்கோ கேட்டது. அவர் சாதுவாக இரண்டு கையையும் தூக்கினார். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. "சிரிங்க." சிரித்தார். இரண்டு ஓரமும் ஒன்றாக ஏறின. நான் செல்போனை எடுத்துவிட்டேன். கீழ்வீட்டுத் தம்பியின் எண்ணை அழுத்தப் போனேன்.

அவர் முகம் மாறியது. விளையாட்டு எல்லை மீறிவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவசரமாக உதட்டைக் குவித்தார். "ஓ… ஓ…" இன்னும் அவருக்கு ஹ எழுத்து சுலபமாக வருவதில்லை. "ஓ… ஓல்… டான்."

நான் போனைக் கீழே இறக்கினேன்.

"சும்மா… சொன்னேம்மா. காபி. காபிதான்… இது. நீ வெளையாடவே… மாட்டேங்கற."

"இதுலயா விளையாடுவீங்க?" என்று கத்தினேன். "எனக்கு உயிரு போயிருச்சு. இனிமே இப்படிப் பண்ணுனா நான் காபியே போட மாட்டேன்!"

"பில்டர்… நான் கழுவறேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த "ஓ… ஓ…"வை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அந்தப் புதன்கிழமை, அதே நாற்காலியில், அதே குவிந்த உதட்டோடு. காவிரிக்கு அந்தாண்ட யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நான் குளிக்கப் போன சத்தம். அன்று அவர் விதிப்படி வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாரா? அவரிடம் கேட்கவில்லை. அந்தக் காலையைப் பற்றி அவருக்கு எதுவும் நினைவிருக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருங்காபுரி கதைகூட மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். நினைவு வந்துவிடுமோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

அவர் பில்டரைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைக்கும் வரை சமையலறை வாசலில் நின்றேன். மூடி ஒரு முறை நழுவியது. பிடித்துக்கொண்டார், வலது கையால்தான். பிறகு அடித்தட்டிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த பக்கத்தில் கோடு போட்டேன். பழைய கட்டங்களோடு புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு: விளையாட்டா, இல்லையா.

7.02. அவர் "மருங்காபுரி". விளையாட்டு.

இப்போது தினமும் விளையாடுகிறோம். அவர் தப்பாக ஒரு நிறுத்தத்தைச் சொன்னால் நேரத்தை உடனே எழுதிவிடுகிறேன். கடைசிக் கட்டத்தை மட்டும் உடனே நிரப்புவதில்லை. அவர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரை மேஜையில் நேராக வைக்கும் வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.